முன் ஹோலில் விரித்த பாய்

786
கல்முனைக்குடி
13.03.1982

என் மகன் சரீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நடமாட்டத்தோடு இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். றியாத் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நற்பிட்டிமுனை வயல் வெட்டி முடிந்தது, சூடு மிதிக்கிற நேரத்தில் இரண்டு நாள் மழை, கொஞ்சம் நெல் முளைத்துப் போனது, மிச்சம் வீட்டுக்கு வந்துவிட்டது. என் முழங்கால் நோவுக்கு நீ அனுப்பிய தைலம் நல்லது. இவ்வளவும் நல்ல செய்தி. இனி மற்றது.

உன் மச்சான் பளீலுக்கு நீ எழுதிய கடிதம் நேற்று ஜும்மாவுக்குப் பிறகு நம் வீட்டு வாசல் படலையடியில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் பள்ளிவாசல் மரைக்கார் சீனிமுகம்மது. ராத்தாவுக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான், மச்சான் மனதில் வைக்க வேண்டாம், பெரியவர்கள் சேர்த்து வைத்தால் எனக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். உன் ராத்தா ஸுல்பிகா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அழவில்லை. தம்பியா எழுதின என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன்.

பளீல் உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும், தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் கவலை என்று விட்டேன். அது பிழை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று செய்தேன், அதையும் சொல்கிறேன்.

உன் ராத்தாவின் நிக்காஹ்வோடு இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு நான் பின்னால் அடுப்படிக் குசினி அறைக்குப் போனது உனக்குத் தெரியும். ஆறு வருஷம். மருமகன் முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. சொல்ல வேண்டியதைத் திரைக்குப் பின்னால் நின்று சொல்வேன், அவர் வருகிற சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு விலகுவேன். மாமி என்றால் அப்படித்தான் என்று என் உம்மா காட்டித் தந்தது. அவர் முதல் தடவை அவளை அடித்தபோதும் நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். உள்ளே போகவில்லை. கிணற்று வாளியைச் சத்தமாகப் போட்டேன். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று. நிறுத்தினார். அடுத்த தடவையும் வாளி. அதற்கடுத்த தடவையும். பிறகு வாளிச் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது. நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன் மகன்.

பெப்ரவரி ஒன்பதாம் திகதி செவ்வாய், அஸர் தொழுது முடித்த நேரம். அவளுடைய இடது மணிக்கட்டை உடைத்தார். ஏன் என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ அங்கே இருந்து நிறுக்கத் தொடங்குவாய், இதற்கு இவ்வளவா, அதற்கு அவ்வளவா என்று. எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டேன். அது போதும்.

திரையை விலக்கிக்கொண்டு ஹோலுக்குள் வந்தேன். முந்தானையை இழுக்கவில்லை. அவர் என் முகத்தை அப்போதுதான் முதல் முறை கண்டார். என்ன செய்தார் தெரியுமா. தலையைக் குனிந்து சுவர்ப் பக்கம் திரும்பினார். மாமியைக் கண்ட மருமகன் செய்ய வேண்டியதை அந்த நேரத்திலும் உடம்பு தானாகச் செய்தது. நான் ஹோல் நடுவில் நின்றேன். நான் நிற்கும் வரை அவரால் இருக்கவும் முடியாது, நிமிரவும் முடியாது. வெளிய போங்க மருமகன் என்றேன். போனார்.

எனக்கு அப்போது விளங்கியது. ஆறு வருஷம் அந்த வழக்கம் என்னைத்தான் பின்னால் தள்ளியது என்று நினைத்தேன். அது அவரையும் வெளியே வைக்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

அன்றே என் பாயை முன் ஹோலில் விரித்தேன். இன்றைக்கு முப்பத்திரண்டு நாள். நான் எழும்பினால் அடுத்த வீட்டு சுபைறா வந்து இருப்பாள், அவள் போனால் மீன் கொண்டு வருகிற வல்லியம்மை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இருப்பாள், இப்போது நம் தெரு ஒழுங்கையில் பாதிப் பெண்கள் அரிசி புடைப்பதும் தலை பார்ப்பதும் நம் ஹோலில்தான். பளீல் இரண்டு தடவை படலை வரை வந்தார். பெண்கள் நிறைந்த இடத்துக்குள் எப்படி வருவது, திரும்பிப் போனார். இந்த வீட்டுக்க சேவல் வந்தாலும் கேட்டுட்டுத்தான் வரோணும் என்று சுபைறா சத்தமாகச் சொன்னாள். ஸுல்பிகா சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு.

நேற்று மரைக்காரும் படலையடியில்தான் நின்றார். பொம்புளையள் உள்ளுக்குப் போங்க, கதைக்க வேணும் என்றார். நாங்க உள்ளுக்குத்தான் இரிக்கம் மரைக்கார், நீங்கதான் வெளிய நிக்கீங்க என்றாள் சுபைறா. அவன் எங்ககா போவான், அவனுக்கும் ஒரு வீடு வேணுமே என்றார் மரைக்கார். நான் பதில் சொன்னேன், இந்த வயதில் ஊர்ப் பெரியவருக்கு நேரே சொன்னேன். வீடு இல்லாதவர் வீடு தந்தவளை அடிக்கக் கூடாது என்று. பளீல் இப்போது தன் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், அது அவளுடைய வீடு, அவள் மாப்பிள்ளைக்கு முகம் சரியில்லையாம். நம் ஊரில் எந்த ஆணுக்கும் சொந்தமாக வீடு இல்லை மகன். உனக்கும் நாளைக்கு ஒரு பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்து விடுவாள். அதை நினைத்துக்கொள்.

மணமுறிவு கேட்டு ஸுல்பிகா காதியாருக்கு மனுக் கொடுத்துவிட்டாள். கட்டுப் போடாத கையால் தானே எழுதினாள். ஏப்ரல் நாலாம் திகதி ஞாயிறு விசாரணை. நான் சாட்சி சொல்வேன், சுபைறாவும் சொல்வாள். பெண் சாட்சி போதாது என்று மரைக்கார் சொல்லித் திரிகிறார். அவர் பக்கம் இருக்கிற ஒரே கடதாசி உன் கடிதம்.

சரீப், நீ வெளிநாடு போன அன்று காலையில் அவள் இடியப்பம் வைத்தாள். முந்தானை இடது கண்ணை மூடியிருந்தது. காற்றில் விலகியது, கண் கறுத்து வீங்கியிருந்தது. என்ன ராத்தா என்று கேட்டாய். அலுமாரிக் கதவு இடிச்சிட்டு என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு பஸ் வந்தது. நீ நம்பவில்லை, நானும் நம்பவில்லை, இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். உன்னைக் குறை சொல்லவில்லை. பேசாமல் இருக்கப் பழக்கியவள் நான்தான். ஆனால் நீ கண்டாய். கண்ட ஆண் நீ ஒருவன்தான்.

அதை எழுது. கண்டதை மட்டும், திகதி போட்டு, கையெழுத்து வைத்து, காதியாருக்கு நேரே அனுப்பு. ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிட்டாலும் சரி. வேலை இடத்தில் பளீலின் சொந்தக்காரர் இருக்கிறார் என்று தெரியும், உனக்குச் சங்கடம் வரும் என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். எழுத முடியாவிட்டால் எனக்கு அதைச் சொல், அந்த மனிதனுக்கு இன்னொரு வரி எழுதாதே. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நாலாம் திகதி நாங்கள் போவோம், இந்த ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் நடந்தே.

நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், கண்டதைக் கண்டேன் என்று சொல்லும் நாவையும் தரட்டும். ஐந்து வக்திலும் உனக்காகக் கையேந்துகிறேன். இப்போதைக்கு அவளுக்குப் பிறகுதான் நீ.

உன் உம்மா,
மைமூனா