ஊதா விரல்கள்

1962, மாசி மாதம், புதன் இரவு.

காலையில் ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளுக்குச் சாயமேற்றும்போது ஊதாச் சாயப் புட்டி என் கையில் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையோடுதான் என் முதல் ஓட்டைப் போடப் பாலக்கரை வாக்குச்சாவடிக்குப் போனேன்.

மை வைக்கும் அதிகாரி விரலைப் பார்த்து, "ஏற்கெனவே போட்டுட்டீங்களேம்மா" என்றார்.

"இது மை இல்லைங்க. என்ன கிருமின்னு கண்டுபிடிக்கிற சாயம்."

"தள்ளி நில்லுங்கம்மா. அடுத்தவங்க வாங்க."

இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்தேன். "பத்து விரல்லயும் இருக்கு பாருங்க. பத்து ஓட்டா போட்டிருப்பேன்?"

வரிசையே சிரித்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அந்தக் கிருமி இன்னும் கையில இருக்கா?"

இல்லை என்றேன். ஆனாலும் விரலைத் தொடாமல் எட்டியே மை வைத்து, சீட்டைக் கொடுத்து அனுப்பினார்.

மடித்துப் பெட்டியில் போடும்போதுதான் பார்த்தேன். வியர்த்த கை பட்டுச் சீட்டு முழுக்க ஊதா ரேகை. அது செல்லுமா என்று அவரிடம் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.