ஆலைக்குள் கூப்பிட்ட பெயர்

அன்பான பார்வதி அண்ணிக்கு,

நீங்கள் போய் இருபத்தைந்து வருஷம் கழித்து, போன சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பெயரைப் பெரட்டில், அதே பழைய ஆள் கணக்கெடுப்பில், கூப்பிட்டார்கள். சிரிக்காதீர்கள், நாடகத்தில்தான்.

செமிலிங் பக்கம் மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலைக்குள் காலேஜ் பிள்ளைகள் போட்ட நாடகம். என் மகள் இழுத்துக்கொண்டு போனாள். "மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. நாமளும் உள்ள நிக்கணும்மா" என்றாள். "இத்தன வருஷம் நின்னது பத்தாதா லா?" என்று கேட்டேன்.

வாசலில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேஷத்தில் ஓர் இளைஞன் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். "வீட்ல எத்தன பேரு வேலைக்கு?" என்றான். "ரெண்டு பேருங்கய்யா. பார்வதி, சரஸ்வதி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உள்ளே எங்களை வரிசையில் நிறுத்தித் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு என் முதுகு இன்னும் நிமிர்கிறது, அண்ணி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "பார்வதி." பதில் இல்லை. மறுபடியும் "பார்வதி."

அன்றும் இப்படித்தானே? நான் தூங்கிவிட்டு ஓடிவரும் நாளெல்லாம், "பின்னால வர்றாங்கய்யா" என்று எனக்காகக் குரல் கொடுத்தவர் நீங்கள். காய்ச்சல் கொதித்த ஒரே ஒரு நாள் என்னைக் கேட்டீர்கள். "கொஞ்சம் படுத்துட்டு வரேன் சரசு, நீ சொல்லிடு." நான் டவுனுக்குப் படம் பார்க்கப் போனதை அண்ணனிடம் போட்டுக்கொடுத்தீர்கள் என்ற கோபத்தில் நான் வாயே திறக்கவில்லை. வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கே வந்து விரட்டினார். மழையில் புல் வெட்டப் போனீர்கள். அந்த வாரமே மார்ச்சளி கண்டு போய்விட்டீர்கள்.

"உடம்பு முடியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே, யாரு போகச் சொன்னா?" என்று அண்ணன் இன்றும் உங்களைத்தான் குறை சொல்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைவிடக் கேவலம் உண்டா?

"அம்மா, சும்மா நாடகம்தான், விடுங்க" என்று மகள் காதோடு சொன்னாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். "பின்னால வர்றாங்கய்யா" என்றேன். அந்த இளைஞன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். ரெண்டே வார்த்தை, அண்ணி. அன்றைக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அண்ணன் இப்போது சிடாம் கிரியில் தனியாக இருக்கிறார். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன்; அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே போய், நீங்கள் என்னைக் கேட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு அவர் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. உங்கள் மேல் அந்தப் பழி இனி வேண்டாம்.

அன்று வாய் திறக்காத உங்கள் நாத்தனார்,
சரசு