கண் ஏலாது என்று சொன்ன வியாழக்கிழமை

இன்று காலையும் நீ தைத்துத் தந்த அரிசிப் பையை மைக்ரோவேவுக்குள் வைத்தேன். முப்பது விநாடி. கதவைத் திறந்ததும் உலையில் அரிசி போட்ட மணம். ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய ஒத்தடப் பை அலமாரியில் கிடக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது. இரண்டு கண்ணின் மேலும் அதைப் போட்டுக்கொண்டு சோபாவில் மல்லாந்து கிடக்கும் பத்து நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கு நிம்மதி. எழும்பினால் பழையபடி கண்ணுக்குள் மணல்.

நீ போய் எட்டு மாதமாகிறது. இங்கே ஒன்றும் மாறவில்லை. விடிந்தால் இமை கண்ணோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. தலைமாட்டில் துழாவி மருந்துக் குப்பியை எடுத்து, மூடிய இமையின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, அது ஊறும்வரை பொறுத்திருந்துதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் தோலை உரித்ததுபோல வலிக்கும். பிறகு அன்று முழுக்க அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. சுரங்க ரயில் வரும்போது அடிக்கிற காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். கவுன்சில் அலுவலகத்தில் ஹீட்டருக்குப் பயந்து மூன்று தடவை மேசை மாறிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். குடிக்கிறேன். கழிப்பறைக்கு நடை கூடியதுதான் மிச்சம்.

நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். ஒன்பது வயதிலிருந்து போட்ட கண்ணாடியை நாற்பத்தாறு வயதில் லேசர் செய்து தூக்கி எறியப் போகிறேன் என்று நான் குதித்துக்கொண்டு வந்தபோது, நீ ஃபாரஸ்ட் கேட்டில் உன் தையல் கடையில் யாருடையதோ சட்டைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாய். தலை நிமிராமலே, "எடியே, உன்னைப் பொம்பிளை பாக்கவே வருகினம்? கண்ணோடை விளையாடாதை" என்றாய். தையல் கடைக்காரிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

பத்தே நிமிட வேலை. மறுநாள் தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பர் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தபோது முதல் போன் உனக்குத்தான் எடுத்தேன். மூன்றாம் வாரம் கண்ணீர் வற்றி எரியத் தொடங்கியது. ஆறு மாதத்தில் சரிவரும் என்றார்கள். மூன்று வருடமாகிறது. எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடத் தட்டாமல் வாசிக்கிறேன், பார்வை அருமை என்கிறார்கள். "பார்வை நல்லா இருக்காம், கண்ணைத்தான் திறக்க ஏலாதாம்" என்று உனக்குச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்றும் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

இரண்டாவது பனிக்காலத்தில் நான் மூன்று நாளாகக் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தபோது, கடையைப் பூட்டிவிட்டு ஹரோவில் என் வீட்டுக்கு ஓடி வந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் பைக்குத் தொடக்கம். "இந்தக் கண்ணோடை இருக்கிறதுக்கு ஒரேயடியாப் போயிடலாம்" என்றேன். நீ என் காலுறை ஒன்றை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாய். அரிசி வாளி திறக்கிற சத்தம் கேட்டது. காலுறைக்குள் அரிசியைப் போட்டு, வாயைத் தைத்து, சூடாக்கிக் கொண்டுவந்து என் கண்ணில் வைத்தாய்.

வண்டு வராமலிருக்க அரிசி வாளிக்குள் காய்ந்த செத்தல் மிளகாய் போட்டு வைக்காத வீடு நம்மிடம் எங்கே இருக்கிறது? என் வாளியில் ஒரு கை நிறையப் போட்டிருந்தேன். அது உடைந்து விதையும் தூளுமாக அரிசியோடு கலந்து கிடந்தது. நானும் சொல்ல மறந்தேன், நீயும் பார்க்கவில்லை. சூட்டில் அந்தக் காரம் கிளம்பி என் கண்ணுக்குள் ஏற, நான் போட்ட கத்தலுக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். நீ இருமிக்கொண்டே என் முகத்தில் தண்ணீரை அடித்தாய். பிறகு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "கண்ணீர் வருதடி! உண்மையா வருது!" என்று கத்தினாய். வெங்காயத்துக்கும் அசையாத கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. நீ சிரித்தாய், நான் உன்னை வாயில் வந்தபடி ஏசினேன், ஏசிக்கொண்டே சிரித்தேன். ஒரு கிழமை கண் இரத்தமாகச் சிவந்து கிடந்தது. அடுத்த ஞாயிறு புது அரிசியும் பூப்போட்ட பருத்தித் துணியுமாக வந்து இதைத் தைத்தாய். போய்விடலாம் என்ற கதையை நான் அதற்குப் பிறகு உன்னிடம் எடுக்கவில்லை.

பிறகு வருத்தம் உன்னைப் பிடித்தது. வயிற்றில் புற்று. தெரிந்தபோதே கடைசிக் கட்டம். கடைசிக்கால நோயாளிகளைப் பார்க்கிற ஹொஸ்பிஸில் உன்னைச் சேர்த்த பிறகு சனிக்கிழமைதோறும், காற்றுப் புகாத அந்தப் பெரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தேன். "நீச்சலுக்குப் போறமாதிரி வெளிக்கிட்டு வாறாய்" என்று அந்த நிலையிலும் நக்கலடித்தாய்.

ஒரு வியாழக்கிழமை உன் மகள் போன் எடுத்தாள். "அன்ரி, அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா. இண்டைக்கு வர ஏலுமா?" போனை உன் காதில் வைத்தாள். நான், "வெளியிலை பேய்க்காத்து, கண் ஏலாதடி. நாளைக்கு விடிய வாறன்" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "சரியடி, கண்ணைப் பார். நான் எங்கை ஓடவே போறன்" என்றாய். வெள்ளி காலை நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் திரும்பவும் எடுத்தாள். அழுகைதான் கேட்டது.

உன் செத்தவீட்டில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. நெஞ்சு வெடிக்கிறது, கண் மட்டும் காய்ந்து நிற்கிறது. எரிவு தாங்காமல் மண்டப வாசலில் நின்று மருந்தை விட்டேன். அது வழிந்து கன்னத்தில் ஓடியது. முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "அழு பிள்ளை, அழுது தீர்" என்றார். அது மருந்து என்று நான் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது இனித்தான் இருக்கிறது. அந்த வியாழக்கிழமை என் கண் நன்றாக இருந்தது. மூன்று வருடத்தில் அப்படி ஒரு நாள் வந்ததேயில்லை. காலையில் இமை தானாகத் திறந்தது. எரிவில்லை. காற்றுமில்லை. மகள் போன் எடுத்தபோது நான் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், எந்தக் கண்ணாடியும் போடாமல், வாங்கில் உட்கார்ந்து ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் மரம். உன் அறையின் சூட்டுக்குள் வந்தால் அரை மணி நேரத்தில் கண் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். கிடைத்த ஒரு நாளை உனக்குத் தர மனம் வரவில்லை. போனை வைத்த பிறகும் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். சந்தோசமாகவும் இருந்தேன்.

"பாவம், கண் ஏலாததாலை கடைசியாப் பாக்கக் கிடைக்கேல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். உன் மகளும் அப்படித்தான் நம்புகிறாள். நீயும் அப்படி நம்பிக்கொண்டுதான் போனாய்.