வளவன் வீடுதான்

அன்புள்ள அம்மா,

நீங்கள் நலமா? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? முறுக்கு டப்பாவின் மேல் முதல் தடவையாக ‘வளவன்’ என்று எழுதி அனுப்பியிருந்தீர்கள். முறுக்கு தீர்ந்த பிறகும் டப்பா தலைமாட்டில்தான் இருக்கிறது.

போன வாரம் ஃபேக்டரியில் மயங்கி விழுந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் தமிழ் நர்ஸ் தென்னூரில் நம் வீட்டுக்குப் போன் செய்து, “வளவன் வீடுங்களா?” என்று கேட்டாராம். அப்பா, “அப்படி யாரும் இல்லீங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு, மட்டுவார்குழலி” என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

அடுத்த வியாழக்கிழமை தலையில் சின்ன ஆபரேஷன். மலைக்கோட்டையில் அர்ச்சனை செய்தால் என் பழைய பெயருக்கு வேண்டாம், வளவன் பெயருக்கே செய்யுங்கள். என் பழைய போர்வையை அனுப்புங்கள், புனேயில் குளிர்கிறது.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் அதே ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து போன் வரும். பேசுவது நானாக இல்லாமல் போகலாம். யார் கேட்டாலும், “ஆமாங்க, வளவன் வீடுதான்” என்று அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள்.

டாக்டர் வந்துவிட்டார்.

உங்கள்
வளவன்