டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

நலம்தானே? முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை. விண்வெளி வீரர் பயிற்சிக்குத் தொப்பையோடு வந்தவன் நான் ஒருவன்தான்; இங்கே சுற்றுகிற சுற்றில் அதுவும் பாதி கரைந்துவிட்டது.

போன வாரம் தனிமைப் பரிசோதனை. சன்னலில்லாத அறையில் வாரம் முழுக்க ஒற்றை ஆளாக இருக்க வேண்டும். மனம் தடுமாறுகிறது என்று தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் வழக்கம்போல உன்னிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் டாக்டரம்மா குரல் கொடுத்தார்.

“யார்கிட்ட சார் பேசுறீங்க?”

“என் வீட்டுக்காரிகிட்டம்மா.”

“பதில் வருதா?”

“நான் பேசுறத அவ எப்பம்மா காது குடுத்துக் கேட்டா, பதில் சொல்ல?”

சிரித்துவிட்டார்; வாரக் கடைசியில் தேர்ச்சியும் போட்டுவிட்டார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பதில் வந்தது. “மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பறக்கலாம்” என்றாய். கடைசி இரண்டு நாள்தான் எவ்வளவு கூப்பிட்டும் உன் குரல் நினைவுக்கு வரவில்லை. பயந்துபோனேன்.

பருத்திப் பனியன் இரண்டு அனுப்பு. கூடவே உன் குரலைப் பதிவுசெய்து அனுப்பு, திட்டாகவே இருக்கட்டும். மேலே போனால் ஆறு மாதம். அதற்குப் போதும்படி நிறுத்தி நிதானமாகத் திட்டு.

நீச்சல்குளத்தில் மிதக்கும் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்