பச்சைத் தகட்டில் சந்தனம்

இன்று காலை ஆபீஸ் கதவைத் திறந்ததும் சந்தன வாசனை முகத்தில் வந்து மோதியது. நேற்று ஆயுத பூசை. இங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் கம்ப்யூட்டர், பிரிண்டர், டீ போடுகிற கெட்டில் வரைக்கும் ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் நாற்காலிக்குக்கூட முதுகில் ஒரு பொட்டு. சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுகணம் உன் ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு இதை எழுதும்வரை உட்கார முடியவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். விடியற்காலையில் எங்கள் கம்ப்யூட்டர் தானாகவே மேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறது. நெல்லில் குலை நோய் வரும் அபாயம், உடனே மருந்து அடிக்கவும் என்று. வெளியே பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வெயிலில் குலை நோயாவது மண்ணாவது. எங்கள் கருவி நிற்கிற வயல்காரரைப் போனில் பிடித்தேன்.

"அண்ணே, நேத்து மெஷினுக்குப் பூசை போட்டீங்களா?"

"போடாம இருப்போமா மேடம்? நல்லாக் கழுவி, சந்தனம் வச்சு, இம்புட்டுப் பெரிய மாலையாப் போட்டுருக்கோம்," என்றார் சந்தோஷமாக.

உடனே சென்னைக்கு, எங்கள் மேலதிகாரிக்குப் பேசினேன். அனுப்பியது தப்பு, மாற்றி ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றேன். "விட்டுடுங்க மேடம். ஒரு தடவை கூடுதலா அடிச்சா பயிர் செத்தா போயிடும்? தப்புன்னு நாமளே சொன்னா நாளைக்கு நம்மள யார் நம்புவா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்கிற நேரத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே கேள்வியைக் கிட்டத்தட்ட இதே சொற்களில் உன்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார், நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

அப்போது நமக்கு ஒத்தக்கடையில், சைக்கிள் கடை மாடியில் ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் யானைமலை, திறக்காவிட்டால் புழுக்கம். நான் பயிர் நோய் படித்தவள், நீ புள்ளியியல். "நோய் உனக்கு, நம்பர் எனக்கு, தூசி ரெண்டு பேருக்கும்," என்று முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொடுத்தாய். மகால் பக்கத்திலிருந்து உன் வீட்டுக் கேரியரில் வருகிற சாப்பாட்டை நான் காலி செய்வேன். கணக்கு இடித்தால் உன் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் கம்ப்யூட்டரைத் திட்டுவாய். எனக்கு ஒரு சொல் புரியாது, ஆனாலும் கம்ப்யூட்டருக்காகப் பாவப்படுவேன்.

நாம் செய்ய நினைத்தது சின்ன விஷயம்தான். நோய் இருக்கிறதோ இல்லையோ, நட்டு இத்தனை நாளானால் இந்த மருந்து என்று அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது, குளிர்ச்சி எப்படி என்று தெரிந்தால் குலை நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வராது என்றால் அடிக்கவே வேண்டாம். அதற்காகத்தான் மேலூர்ப் பக்கம் மாயாண்டி அண்ணன் வயலில் ஒரு கம்பம் நட்டு அந்தக் கருவியைப் பொருத்தினோம். அதில் இலை மாதிரித் தட்டையாக, பச்சை வர்ணம் பூசிய ஒரு தகடு. அதில் ஈரம் பட்டால் பெட்டிக்குள் பதிவாகும். பதிவாகிற சின்ன டப்பாவை மாயாண்டி அண்ணன் கழற்றி, காலையில் பால் வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். பால் கேன்களோடு கேனாக நம் எண்களும் ஒத்தக்கடை வந்து இறங்கும்.

நீ கணக்குப் போட்டு அவர் ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போன் செய்வாய். அங்கே வாசலில் ஒரு கொடிக் கம்பு. பச்சைத் துணி ஏறினால் மருந்து வேண்டாம், சிவப்பு ஏறினால் அடிக்க வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸை விட்டுவிட்டு ஏன் பால் சொசைட்டி என்று நான் கேட்டதற்கு, "வரப்புப் புல்லைத்தானடி மாடு திங்குது. மருந்து அடிக்கிறவன விட, புல் அறுக்கிறவளுக்குத்தான் அது மொதல்ல தெரியணும்," என்றாய். எனக்கு அது தோன்றவில்லை. நோய் படித்தவள் பயிரை மட்டும்தான் பார்த்தாள்.

அந்த வருஷம் மாயாண்டி அண்ணன் நம் பேச்சை நம்பி, வழக்கமாக அடிக்கிற மருந்தை நிறுத்தியிருந்தார். சொசைட்டியில் செயலாளர் அவர்தான். அவரைப் பார்த்து இன்னும் பல வீடுகள் நிறுத்தியிருந்தன. நோய் வந்து பயிர் போனால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாது. நாமும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதை நினைத்து நினைத்தே நீ நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாய்.

ஆயுத பூசைக்கு மறுநாள் டப்பா வந்தது. கணக்கு சிவப்பு என்றது. நீ போன் செய்தாய், கொடி ஏறிவிட்டது. பிறகு சாப்பிட உட்கார்ந்தாய். கேரியரைத் திறந்தவள், திறந்தபடியே விட்டுவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாய்.

"ஸ்டெல்லா, இங்க வா. நேத்து உச்சி வெயில்ல இல ஈரமா இருந்திருக்குமா?"

"எப்படிடி இருக்கும்?"

"இருக்குதுங்குது இது. முழுசா நனஞ்சு கெடக்குன்னு சொல்லுது."

அப்போதுதான் நம்மை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்தின் இயக்குநர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏத்துன கொடிய இறக்குனா நாளைக்கு எவன் நம்புவான்? ஒரு தடவ அடிச்சுட்டுப் போகட்டும், விடுங்கம்மா," என்றார். நீ மொபெட் சாவியை எடுத்தாய். மேலூர் ரோட்டில் நீ ஓட்டிய ஓட்டத்தில் நான் ஜெபம் பண்ணிக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

வயலில் நம் கம்பம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. பெட்டியைக் கழுவித் துடைத்து, பச்சைத் தகடு முழுக்கச் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, இன்னும் ஈரம் காயாத செவ்வந்தி மாலையை அதன்மேல் போட்டிருந்தார் மாயாண்டி அண்ணன். பெருமையாகப் பக்கத்தில் நின்றார். "மாட்டுக்கு வச்சேன், டிராக்டருக்கு வச்சேன். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

நான் கையை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். வேதக்காரப் பெண் வந்து சாமி சந்தனத்தைத் துடைத்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் போதும், எல்லாம் முடிந்தது. நீ என்னைப் பார்த்தாய். தகட்டிலிருந்து குங்குமத்தை விரலில் தொட்டு உன் நெற்றியில் வைத்துக்கொண்டாய். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாய். பிறகு முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாய். உன்னிடம் இருந்த நல்ல சேலைகளில் அது ஒன்று. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

"அண்ணே, பூசை போட வேணாங்கல. அடுத்த வருசம் கம்பத்துக்கு வைங்க. இந்தத் தகடு இல மாதிரி. வயல்ல இருக்க இலைக்கு யாரும் சந்தனம் வைக்கிறதில்லைல்ல?" என்றாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "அட, ஆமா," என்றார்.

சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரம். சொசைட்டி வாசலில் தூக்குச் சட்டிகளோடு கூட்டம் நின்றது. எல்லாருக்கும் முன்னால் உன் கையாலேயே சிவப்பை இறக்கினாய். "காலையில நான் சொன்னது தப்பு. மருந்து அடிக்காதீங்க," என்றாய். காரணத்தைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மாயாண்டி அண்ணனை எல்லாரும் கேலி செய்வார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னாய். "கம்ப்யூட்டரம்மாவுக்கே கணக்கு வரலயாம்," என்று ஒருவர் கிண்டல் பண்ண, கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

அந்தச் சிரிப்புக்குள் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு அக்கா முன்னால் வந்தார். "எங்க வீட்டுல செவப்பப் பாத்துட்டு மத்தியானமே அடிச்சுட்டாக. நான் அந்த வரப்புலதான் அறுத்துட்டு வாரேன். இத மாட்டுக்குப் போடலாமா, கூடாதா?"

உன் முகம் செத்துவிட்டது. "போடாதீங்கக்கா. நாளைக்குக் காலையில நான் வாரேன்," என்றாய். மறுநாள் நீ என்னைக்கூடக் கூப்பிடாமல், மொபெட்டில் ஒரு வைக்கோல் கட்டைக் கட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு மாட்டைப் பார்த்துவிட்டு வந்தாய். மாடு நன்றாகத்தான் இருந்தது. நீதான் நன்றாக இல்லை. அறுவடை வரைக்கும் உன்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வயலுக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்ப்பாய், வருவாய், மறுபடி போவாய். "ஏன்டி இப்படி அலையுற?" என்றால், "சொல்லிட்டோம்ல," என்பாய்.

ஐப்பசி அடைமழை முடிந்து பனியும் தூறலுமாகப் பிடித்துக்கொண்டபோது நிஜமான சிவப்பு வந்தது. இந்த முறை கணக்கைப் பார்த்த கையோடு போய்த் தகட்டையும் பார்த்து, நெல் இலையில் கண் மாதிரியான புள்ளி ஆரம்பிப்பதையும் பார்த்துவிட்டுத்தான் கொடியை ஏற்றினாய். ஊர் கேட்காது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கே எல்லா வயலிலும் தெளிப்பான் ஏறியது. மாயாண்டி அண்ணனிடம் எப்படி என்று கேட்டேன். "தப்புன்னா தப்புன்னு வந்து நிக்கிற புள்ள. அது நெசம்னு சொன்னாக் கேக்கணும்ல," என்றார். அந்த வருஷம் அந்த ஊரில் நெல் தப்பியது. சந்தன விஷயத்தை அவரே சொசைட்டியில் சொல்லிச் சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அதையெல்லாம் நினைத்தால் உன்னைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்ததும் கூடவே வருகிறது. வராதே என்றாலும் வருகிறது. உன்னால் தலையைத் தூக்க முடியவில்லை. கட்டிலுக்கு மேலே திரையில் ஓடுகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். நீ மெல்லக் கூப்பிட்டு, "ஸ்டெல்லா, அந்த நம்பர் சரியில்ல. விரல்ல கிளிப்பு ஒழுங்கா மாட்டியிருக்கான்னு பாரு," என்றாய். பார்த்தேன். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியும் பார்த்தேன். கிளிப் சரியாகத்தான் மாட்டியிருந்தது.

அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. "ஆமாடி, லூசா இருந்துச்சு," என்றேன். நீ நம்பியிருக்க மாட்டாய்.

இப்போது கோச்சடையில் பெரிய ஆபீஸ், ஏசி, தானாகப் பேசுகிற கம்ப்யூட்டர். கொடிக் கம்பு இல்லை, டப்பா இல்லை, பால் வண்டி டிரைவரும் இல்லை. செய்தி போய்ச் சேருகிற இடத்தில் யார் முகமும் எங்களுக்குத் தெரியாது. கம்பத்துக்கு வையுங்கள் என்று நீ சொன்னதைப் புதுக் கருவி வைத்த ஊர்களில் நாங்கள் யாருமே சொல்லவில்லை. இதை நினைத்தால் இந்த ஏசியிலும் வேர்க்கிறது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்ச் செய்தியை அடித்து அனுப்பிவிட்டேன். 'காலையில் நாங்கள் அனுப்பியது தவறு. மருந்து அடிக்க வேண்டாம்.' கீழே என் பெயரையும் என் போன் நம்பரையும் போட்டேன். சென்னையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. ஊர்களிலிருந்து வந்ததை எடுத்தேன். முதலில் பேசியவர் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன். உன் பங்குக்கும் சேர்த்துக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஒரு பெண் குரல். பின்னால் கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. "மேடம், மெசேஜ் பாத்து விடியவுமே அடிச்சுட்டாக. அந்த வரப்புலதான் புல் அறுத்து வச்சிருக்கேன். மாட்டுக்குப் போடலாமா?"

"போடாதீங்கம்மா," என்றேன். "எந்த ஊருன்னு சொல்லுங்க. நான் வாரேன்."

வழியில் வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஜீப் கீழே நிற்கிறது.