முன்போர்ஷன் நோட்டீஸ்

12.6.72 திங்கள்
கத்திரி முடிந்தது பஞ்சாங்கத்தில் மட்டும்தான். காலை பாசஞ்சரில் பொன்னேரி, வக்கீல் வீடு. மாப்பிள்ளை இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வசந்தாவையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துப் போகச் சொல்லி நெல்லூரிலிருந்து சம்பந்தி கடிதம். பெண் வரட்டும், சந்தோஷம். படுக்க இடம்? குடியிருக்கும் கரீம் பாய் முன்போர்ஷனைக் காலி செய்தாக வேண்டும்.

வக்கீல் இல்லை. குமாஸ்தாதான். காரணம் சரியாகப் போடவேண்டுமாம். சொந்த உபயோகம் என்றால் இழுக்கும். "ஊட்ல வேற யார்னா தங்கிகினு கீறாங்களா சார்?" பாயின் தங்கச்சி, பிள்ளைகளோடு, போன மாதம் வந்தவள் என்றேன். "அப்போ உள்வாடகைன்னு போட்டுடலாம். சட்டுனு காலி."

தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் லாந்தர் திரி, வீட்டில் இவளுக்குத் தைலம்.

14.6.72 புதன்
நோட்டீஸ் வந்தது. கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். "இன்னா எழுதிகீது?" என்றாள் இவள். படித்தேன். "புருசன் செத்து அண்ணன் ஊட்டுக்கு வந்தவ குடித்தனக்காரியா? அப்போ நம்ம வசந்தா யாரு?"

எரிச்சல். கிழித்துப் போட்டேன். இவளை எனக்குக் கட்டிவைத்த அப்பாவுக்கு ஒரு கும்பிடு.

16.6.72 வெள்ளி
மறுபடி பொன்னேரி. சொந்த உபயோகம் என்றே எழுதச் சொன்னேன். குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். பிழைக்கத் தெரியாதவன் என்று நினைத்திருப்பார். இருந்துவிட்டுப் போகிறேன்.

18.6.72 ஞாயிறு
நோட்டீஸைத் தபாலில் போட மனசில்லை. கையில் கொடுத்தேன். பாய் நின்றபடியே படித்தார். "இதுக்கு இன்னாத்துக்கு சார் வக்கீலு? பொண்ணு வருதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதாதா?" பிறகு தயங்கி, "தங்கச்சி இத்தாவுல கீது சார். புருசன் போனா நாலு மாசம் பத்து நாள் ஊட்ட வுட்டு வெளிய வரக்கூடாது. அது முடிஞ்ச மறுநாளே போய்டறோம்."

கொடுத்த காகிதத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். அதுவரை வசந்தாவோடு நாங்கள் பின்கட்டில் நெருக்கிக்கொள்வது என்று முடிவு. இவள் கொடுத்த காப்பி இன்று கொஞ்சம் திக்காக இருந்தது.

9.7.72 ஞாயிறு
தூறல். வசந்தா வந்து ஒரு வாரம். சரியாகச் சாப்பிடுவதில்லை, பேச்சும் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை, அதுதான் பயம். மத்தியானம் முன்போர்ஷனில் அழுகைச் சத்தம். பதறி எழுந்தேன். "குந்துய்யா" என்றாள் இவள். பாயின் தங்கையும் வசந்தாவுமாம். வெகுநேரம் அழுதார்கள். கடவுளே, நன்றி. ராத்திரி வசந்தா இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டாள்.

20.9.72 புதன்
இத்தா முடிந்ததாம். பாய் சந்தைப் பக்கம் வீடு பார்த்து, நாளைக்கு மாட்டு வண்டியும் பேசிவிட்டார். சொன்ன சொல் தவறாத மனுஷன். இப்படி ஒரு குடித்தனக்காரர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்.

சாயங்காலம் வசந்தா வந்து நின்றாள். "அவங்க போயே ஆவணுமா நைனா?"

நெல்லூரிலிருந்து வந்த நாளாய் எதுவுமே கேட்காதவள். ஒரு புடவை, ஒரு தலைவலி மாத்திரை, எதுவும்.

சட்டையை மாட்டிக்கொண்டேன். வண்டிக்காரனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன்.